முதல் வரிசை முடிந்ததும் மடிக்குப் போகும் கை

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் 43 வயது வாசகர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

"மேடம், பதினேழு வயதில் அப்பாவோடு வெட்டுக்குப் போனபோது, குளிருக்கும் பசிக்கும் நல்லது என்று முறுக்கான் (வெற்றிலை, பாக்கு, புகையிலை) போடப் பழகினேன். இப்போது ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. வெற்றிலை இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, பாக்கும் புகையிலையும் இருந்தே ஆக வேண்டும். இதுவரை நான்கு தடவை விட்டுவிட்டேன். கடைசித் தடவை சபையில் எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் சாட்சி சொல்லி விட்டேன். 21 நாள் தாண்டினால் எந்தப் பழக்கமும் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவில் சொன்னார்கள். 21 நாள் தாண்டினேன். 26-ஆவது நாள் முதல் வரிசை மரம் முடிந்து பாறையில் உட்கார்ந்தபோது, கூட வெட்டுகிறவர் பொட்டலத்தை நீட்டினார். கை தானாக வாங்கிவிட்டது. அப்புறம் வெட்கத்தில் ஒரு மாதம் சபைக்கே போகவில்லை.

எனக்குப் புரியாத காரியம் ஒன்று உண்டு. போன மழைக்கு வெட்டு நின்றபோது நெய்யாற்றின்கரையில் மச்சினன் வீடு கட்டுகிற இடத்தில் மூன்று வாரம் உதவிக்கு நின்றேன். முதல் நாலு நாள் தலைவலியும் எரிச்சலுமாக இருந்தது. அதற்குப் பிறகு முறுக்கான் நினைவே இல்லை. திரும்பி வந்து தோட்டத்தில் கால் வைத்த அன்றே வாய் ஊறியது.

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ராத்திரி அவள் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும் என்று ஆசை. உட்கார்ந்தால் 'அப்பா, நாத்தம்' என்று நகர்ந்துகொள்கிறாள். அந்த நல்ல பழக்கத்தையாவது தொடங்க வேண்டும். கொஞ்ச நாளாகக் காரம் பட்டால் வாய் எரிகிறது, அது வேறு விஷயம். எனக்கு மன உறுதி இல்லையா? நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். காரம் பட்டால் வாய் எரிகிறது, அது வேறு விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு விஷயம் இல்லை. பாக்கும் புகையிலையும் வருடக்கணக்கில் மெல்லுகிறவர்களின் வாயில், கன்னத்தின் உள்பக்கத் தோல் மெதுவாக நார் பிடித்து இறுகிப் போவதுண்டு. காரம் தாங்காமல் எரிவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கண்ணாடி முன் நின்று வாயை நன்றாகத் திறந்து, மூன்று விரல்களை மேலும் கீழுமாகச் சேர்த்து வைத்துப் பாருங்கள். நுழைகிறதா? கன்னத்தின் உள்ளே, நாக்கின் ஓரத்தில், நாக்குக்கு அடியில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா? எதுவும் தெரியவில்லை என்றாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ வாயைக் காட்டுங்கள். தக்கலை அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம் என்றால் முதலில் அங்கே காட்டலாம். மழை வந்து வெட்டு நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். வாயில் வரும் நோய்களில் பெரும்பாலானவை ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரிகிறவை, சீக்கிரம் கண்டுபிடித்தால் வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிறவை. பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நாள் கடத்தாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கு போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்பார்கள், உங்களுக்கும் அந்த யோசனை வரும். வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கன்னம் இறுகிப் போவதற்கும் முக்கியக் காரணம் பாக்குதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மன உறுதி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு வருடமாக விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கும் பாம்புக்கும் நடுவில் முந்நூறு மரம் வெட்டுகிறவர் இதைக் கேட்கிறார். கடிதத்தின் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். உங்களிடம் உறுதி குறைவாக இல்லை. அதைத் தப்பான இடத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். எந்த இடத்தில் செலவழிக்க வேண்டும் என்பதற்கான பதிலையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புரியவில்லை என்று சொன்ன அந்த நெய்யாற்றின்கரை விஷயம்தான் அது.

முதலில் உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று கேட்கிறேன். மரத்தில் கத்தியை வைக்கும்போது எவ்வளவு ஆழம் போகலாம், எந்தச் சரிவில் இழுக்க வேண்டும் என்று யோசிக்கிறீர்களா? யோசிப்பதில்லை. இருட்டில், பாதித் தூக்கத்தில், வேறு எதையோ நினைத்துக்கொண்டே வெட்டினாலும் கத்தி மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிக்கொண்டு போகிறது. வேலை பழகிய புதிதில் அப்படியா இருந்தது? ஒவ்வொரு மரத்திலும் கவனம் வேண்டியிருந்திருக்கும், அப்பாவிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, யோசித்து முடிவெடுக்கும் பகுதியிடமிருந்து மூளையின் அடியாழத்தில் இருக்கும் வேறொரு பகுதி அந்த வேலையை வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் கிரேபியல் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் எலிகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். பழகிய வேலை ஒரே கட்டாகக் கட்டப்பட்டுவிடுகிறது. தொடங்கிவைக்கும் அடையாளம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், மிச்சம் தானாக ஓடும்.

உங்கள் கையைக் கத்தி வேலையில் இவ்வளவு தேர்ந்ததாக்கிய அதே ஏற்பாடுதான், முதல் வரிசை முடிந்து பாறை வந்ததும் அதே கையை மடிக்குக் கொண்டுபோகிறது. "கை தானாக வாங்கிவிட்டது" என்று நீங்கள் எழுதியது சாக்கு இல்லை, நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.

நெய்யாற்றின்கரையில் அந்தப் பாறை இல்லை. மூன்றரை மணிக்குக் குடிக்கும் பால் விடாத கட்டன்சாயா இல்லை, பொட்டலம் நீட்டுகிற கூட்டாளி இல்லை, சாயங்காலம் ஜங்ஷனில் கூடுகிற கூட்டமும் இல்லை. உடம்புக்கு நிக்கோட்டின் கிடைக்காத கஷ்டம் மட்டும் இருந்தது. அது முதல் நாலு நாள் தலைவலியாகவும் எரிச்சலாகவும் வந்துவிட்டுப் போனது. பொதுவாக அந்தக் கஷ்டம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். ஆக, உங்கள் உடம்பு அதை விட்டுவிடக்கூடியது என்று நீங்களே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டீர்கள். திரும்பி வந்ததும் வாய் ஊறியதற்குக் காரணம் அந்தத் தோட்டம்.

இதே மாதிரி ஒன்று பெரிய அளவில் நடந்திருக்கிறது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் கணிசமான பேர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரசாங்கமே பயந்தது. 1970-களில் லீ ராபின்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அவர்களை ஊர் திரும்பிய பிறகு தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள், கொஞ்ச காலத்துக்கு என்றாலும், நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். ஊரில் அந்தச் சரக்கு அவ்வளவு மலிவாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் காடு, பயம், கூடச் சேர்ந்து புகைத்த நண்பர்கள் என்று பழக்கத்தைத் தூண்டிவிட்ட எல்லாமும் அங்கேயே தங்கிவிட்டன. உங்களுக்கு இருக்கும் சிரமம், நீங்கள் திரும்பி வந்தது பழக்கம் பிறந்த அதே இடத்துக்கு. அதனால் உங்கள் முயற்சியை மனதோடு சண்டை போடுவதில் செலவழிக்காமல், அந்த இடத்தை மாற்றி அமைப்பதில் செலவழிக்கச் சொல்கிறேன்.

21 நாள் கணக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், உங்களை அதிகம் காயப்படுத்தியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக "குறைந்தது" 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததை 1960-இல் எழுதினார். கைமாறிக் கைமாறி "குறைந்தது" என்ற வார்த்தை உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடன் வேலை செய்தவர்களும். 96 பேரிடம், தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு சின்ன நல்ல காரியத்தை 12 வாரம் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். அந்தக் காரியம் யோசிக்காமல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று அவ்வளவு வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். அது புதுப் பழக்கம் உண்டாக்குவதைப் பற்றிய ஆய்வு, புகையிலையை விடுவதைப் பற்றியது அல்ல. ஆனாலும் 26-ஆவது நாளில் உங்களுக்கு நடந்தது விசித்திரமோ சாபமோ இல்லை என்று புரிந்துகொள்ள இது போதும்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்க்கலாம்.

நாளைக்கே எதையும் விட வேண்டாம். ஒரு பழைய நோட்டு எடுத்து, இரண்டு வாரம், ஒவ்வொரு தடவை வாயில் போடும்போதும் மூன்று விஷயம் குறியுங்கள். எந்த இடம், என்ன மணி, பக்கத்தில் யார். வேறொன்றும் எழுத வேண்டாம். எட்டு முறையும் ஒரே ரகம் இல்லை என்பது உங்களுக்கே தெரியவரும். காலையில் எழுந்ததும் போடுகிற முதல் முறுக்கான் உடம்பு கேட்பது. நிக்கோட்டின் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும், ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்போது கிட்டத்தட்ட ஒன்றும் மிச்சம் இருக்காது. பாறையில் போடுவது இடம் கேட்பது. பால் எடுக்கப் போகும் முன் போடுவது பெரும்பாலும் பசி. ஜங்ஷனில் போடுவது ஆட்களுக்காக. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பசியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிருக்கும் பசிக்கும் என்றுதான் உங்கள் அப்பாவும் தொடங்கிவைத்தார், நீங்களும் தொடங்கினீர்கள். நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வெறும் வயிற்றில் மலை ஏறி இறங்கி வேலை செய்கிற உடம்பு எதையாவது கேட்கத்தான் செய்யும். கட்டன்சாயாவோடு இரண்டு மட்டிப்பழமோ, ராத்திரி அவித்த மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) மிச்சமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். என் அனுபவத்தில், வெட்டுக்குப் போகிறவர்களுக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் பாதி வேலையை இந்தக் காலைச் சாப்பாடே செய்துவிடுகிறது.

எப்போது விடுவது? மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது வெட்டு நிற்குமே, அந்த இடைவெளியின் முதல் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நெய்யாற்றின்கரை உங்களுக்குத் தற்செயலாகக் கொடுத்ததை இந்த முறை நீங்களே திட்டம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு எட்டையும் ஒன்றாக விட்டுவிடுங்கள். எட்டை ஏழாக்கி, ஏழை ஆறாக்கி என்று குறைப்பது லேசாகத் தெரியும். ஆனால் சிகரெட் பிடிக்கிறவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே நாளில் விட்டவர்களில்தான் அதிகம் பேர் ஆறு மாதம் கழித்தும் நிலைத்து நின்றார்கள். வாயைப் பார்த்த டாக்டர் இந்த இடைவெளிவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே நிறுத்து என்று சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. என் அட்டவணையை ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதல் சில நாள் கஷ்டத்துக்கு உதவி இருக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை இரண்டும் கிடைக்கின்றன. உங்கள் வாய் எரிகிற நிலையில் சூயிங்கம் சரிப்படுமா, பட்டை நல்லதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூயிங்கம் என்று முடிவானால், அதைச் சாதாரண மிட்டாய் போல மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். முறுக்கான் ஒதுக்கிப் பழகியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயா குடித்த உடனே போட்டால் சரியாகப் பிடிக்காது, கால் மணி நேரம் விட்டுப் போடுங்கள். 1800-112-356 என்ற எண்ணுக்குப் பைசா செலவில்லாமல் போன் செய்தால், புகையிலையை விடுகிறவர்களுக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஆலோசனை கிடைக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

இனி மறுபடி வெட்டு தொடங்கும் நாள். உங்கள் நான்கு முயற்சியும் தோற்ற இடம் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வரிசையை மாற்றுங்கள். வழக்கமாக எந்த மூலையிலிருந்து தொடங்குவீர்களோ, அதற்கு எதிர் மூலையிலிருந்து தொடங்குங்கள். அப்போது பாறை முதல் வரிசையின் முடிவில் வராது. கையில் கத்தி இருக்க, வேலை நடுவில் இருக்கும்போது அதைத் தாண்டிப் போவீர்கள். முதலாளியோ சூப்பர்வைசரோ எதிர்ப்புச் சொன்னால், உட்காரும் இடத்தையாவது மாற்றுங்கள். 2011-இல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். சினிமாத் தியேட்டரில் சிலருக்கு அன்றைக்குப் பொரித்த பாப்கார்னும், சிலருக்கு ஒரு வாரம் பழசான பாப்கார்னும் கொடுத்தார்கள். எப்போதும் தியேட்டரில் பாப்கார்ன் தின்று பழகியவர்கள் பழையதையும் அதே அளவு தின்றார்கள். நன்றாக இல்லை என்று வாயில் தெரிந்தும் கை நிற்கவில்லை. பழக்கமில்லாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னதும் நிலைமை மாறிவிட்டது, ருசி பார்த்துத் தின்னத் தொடங்கினார்கள். இவ்வளவு சின்ன மாற்றமே யோசிக்கிற மூளையைத் தட்டி எழுப்பிவிடும்.

கை மடிக்குப் போவதைத் தடுக்க முயலாதீர்கள், அது போகத்தான் போகும். போகிற இடத்தில் வேறு ஒன்று இருக்கட்டும். தேங்காயைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒன்றிரண்டு ஏலக்காயோடு ஒரு டப்பாவில் போட்டு அதே மடியில் வையுங்கள். நெடுநேரம் மெல்லலாம், வாய்க்கும் வேலை இருக்கும். நம் மாறாமலைக் கிராம்பை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், ஆனால் எரிகிற வாய்க்கு அது வேண்டாம்.

பொட்டலம் நீட்டுகிறவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பாறையில் வைத்து இல்லை, முந்தின நாள் சாயங்காலம். "அண்ணே, வாய்க்கு டாக்டரிடம் காட்டியிருக்கேன். எனக்கு நீட்டாதீங்க, நான் கேட்டாலும் தராதீங்க" என்று இவ்வளவு போதும். அவரும் விட வேண்டும் என்று உபதேசம் செய்ய வேண்டாம்.

அப்புறம், "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்று ஒரே ஒரு வரியை முன்னாடியே முடிவு செய்து வையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் 1990-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். "விட்டுவிடுவேன்" என்று பொதுவாக நினைக்கிறவர்களைவிட, எந்த இடத்தில் என்ன செய்வேன் என்று குறிப்பாக முடிவெடுத்தவர்கள் அதிகம் செய்து காட்டுகிறார்கள். உங்களுக்கு நான் எழுதித் தரும் வரி: "வாய் ஊறினால், இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, உட்காராமல் அடுத்த பதினைந்து மரத்தை வெட்டுவேன்." பதினைந்து மரம் ஏன் என்றால், அந்த ஆசை அலை பொதுவாகச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். இறங்கும்வரை கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்று வேண்டும். கத்தி வேலையைவிட உங்கள் கைக்கு நன்றாகத் தெரிந்தது எது?

ஒரு நாள் தவறிவிட்டால்? தவறலாம். அன்றைக்குச் செய்ய வேண்டியது மிச்சப் பொட்டலத்தைக் குழி தோண்டிப் புதைப்பது, ராத்திரி மனைவியிடம் சொல்லிவிடுவது, மறுநாள் மடியில் மறுபடி தேங்காய் டப்பாவை வைப்பது. சபைக்குப் போகாமல் இருந்த அந்த ஒரு மாதம்தான் போன தடவை உங்களைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். ஒரு முறுக்கான் ஒரு முறுக்கான்தான். அதைப் பெரிய பாவமாக்கி ஒளிந்துகொண்டதில் எட்டும் திரும்பி வந்துவிட்டன. சாட்சி சொன்னதில் தப்பில்லை. அடுத்த தடவை சபை முழுக்கச் சொல்வதற்குப் பதிலாக, விழுந்த அன்றும் போய்ச் சொல்லக்கூடிய ஓர் ஆளிடம் சொல்லுங்கள்.

என் அம்மாச்சி வீடு திருவட்டாறில். அவர் வெற்றிலைச் செல்லமும் (வெற்றிலைப் பெட்டி), பல் போன பிறகு முறுக்கானை இடித்துத் தின்ன வைத்திருந்த சின்ன உரலும் இன்னும் எனக்குக் கண்ணுக்குள் இருக்கின்றன. வந்தவர்களுக்கு அவர் அன்பு காட்டியதே அந்தச் செல்லத்தை நகர்த்தி வைத்துத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் புகையிலை வந்த காலம் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுத் திண்ணைகளில் அது உபசாரமாக இருந்திருக்கிறது. உங்கள் அப்பாவும் மகனுக்குக் கெட்டதைக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுத்திருக்க மாட்டார். அவர் மேல் கோபம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அம்மாச்சியின் கடைசி இரண்டு வருடம் வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியோடு போனது. உங்கள் கடிதத்தில் அந்த ஒற்றை வரியில் நான் முதலில் நின்றதற்கு அதுவும் காரணம்.

மகளுக்கு வருகிறேன். இதற்காகப் புகையிலை முழுதும் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இதை இன்றைக்கே தொடங்கலாம். கெட்டதை விடுவதற்கு இடத்தைக் கலைக்க வேண்டும் என்று சொன்னேன். நல்லதைத் தொடங்க, ஏற்கெனவே அசையாமல் நடக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு என்று கடிதத்தில் வேறோர் இடத்தில் எழுதியிருந்தீர்கள். ஜெபம் முடிந்து "ஆமென்" சொன்னதும் எழுந்து போய்ப் பல் தேய்த்து, வாய் கொப்பளித்து வந்து அவள் படிக்கிற இடத்தில் உட்காருங்கள். அரை மணி நேரம் வேண்டாம், பத்து நிமிடம். பத்து நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அளவை ஏற்ற வேண்டாம். களைத்துப் போய் வந்த நாளிலும் செய்ய முடிகிற அளவாக இருந்தால்தான் அது தினசரி ஆகும்.

பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்வாள் என்றால் எதிரில் உட்காருங்கள். மார்க் என்ன, பரீட்சை எப்போது என்று கேட்காதீர்கள், பத்தாம் வகுப்பில் அதைக் கேட்க ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அறிவியல் பாடத்தில் செடியைப் பற்றி வந்தால் மரத்தின் பட்டைக்குள் பால் எப்படி ஓடுகிறது, விடியற்காலையில் வெட்டினால் ஏன் அதிகம் வடிகிறது என்று நீங்கள் அவளுக்குச் சொல்லலாம். வெயில் ஏறி இலைகள் தண்ணீரை இழக்குமுன் பட்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால்தான் பால் நன்றாக வடிகிறது. அது அவள் புத்தகத்தில் இருக்கிற நீராவிப்போக்கு பாடத்தோடு சேர்ந்த விஷயம். அந்த வார்த்தையை அவள் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

"இனிமேல் அப்பா புகையிலையைத் தொடமாட்டேன்" என்று அவளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்களைக் கண்காணிப்பது அவள் வேலையாகிவிடும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பாரம் வேண்டாம். "நாத்தம்" என்று சொன்னதற்கு அவள் மேல் மனக்கசப்பு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அவள் நகர்ந்தது புகையிலையிடமிருந்து. ஒரு நாள் அவளாகவே ஏதாவது சொல்வாள், அதுவரை பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து வாருங்கள்.

ஆசாரிப்பள்ளம் போய் வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். நோட்டில் இரண்டு வாரம் குறித்ததையும் அப்படியே வைத்து அனுப்புங்கள். மறுபடி வெட்டு தொடங்கும் முதல் வாரத்துக்கான திட்டத்தை அதைப் பார்த்து இருவரும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
மனநல ஆலோசகர், நாகர்கோவில்